முப்பது மில்லிவிநாடிக்குள் மூன்று பேர்

‘ஹிஸ்டாரிசிட்டி’ என்ற ஜாஸ் இசைத்தட்டு 2009-ல் வெளிவந்தது. பியானோ, டபுள் பாஸ், டிரம்ஸ், மூன்றே கருவிகள். அதில் ‘கலாங்’ என்றொரு சின்னத் துண்டு இருக்கிறது. மூலப்பாடல் எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசத்துடையது. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் பால்யத்தைக் கழித்து, போர் துரத்த மறுபடி லண்டனுக்கே அகதியாகப் போனவர். ரோலண்ட் எம்சி-505 என்ற மின்னணுத் தாளப்பெட்டியில் தட்டித் தட்டி அவர் உருவாக்கிய பாட்டு அது. அதைப் பியானோவுக்குக் கொண்டுவந்த விஜய் ஐயர், அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோரின் மகன். 1971-ல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் பிறந்தவர்.

ஆகவே எங்கேயாவது ஒரு மாயாமாளவகௌளை எட்டிப் பார்க்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். ராகம் கிடையாது, கமகம் கிடையாது. அதே தட்டில் ஸ்டீவி வொண்டர் பாட்டு ஒன்று, பெர்ன்ஸ்டைனின் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ பாட்டு ஒன்று, ஆண்ட்ரூ ஹில், ஜூலியஸ் ஹெம்ஃபில் என்ற கறுப்பின ஜாஸ் மேதைகளின் ஆக்கங்கள், 1970-களின் ஆர்கன் இசை என்று பல ஊர்ச் சரக்கு. ஆனால் எதுவும் தன் ஊர் உடையோடு வந்து நிற்பதில்லை. எல்லாம் அந்த மூவருடைய குரலில்தான் பேசுகிறது. கலந்திருக்கிறது என்று காதுக்குத் தெரிகிறது. எதுவும் எதன் மேலும் ஒட்டவைக்கப்படவில்லை. அப்படியானால் கலப்பு எங்கே நடந்தது?

நேரத்தில் நடந்தது என்பது என் வாதம். கடிகார நேரமல்ல, விநாடிக்குள் இருக்கும் நேரம். ஒரு பண்பாடு தன் இசையில் ஒளித்துவைக்கும் பொருள்களில் மிகச் சிறியது, ஓர் அடி எப்போது விழ வேண்டும் என்ற தீர்மானம். ராகத்தைக் கடன் வாங்கலாம், வாத்தியத்தை விலைக்கு வாங்கலாம். அடி விழும் இடத்தை உடம்பில்தான் சுமந்துகொண்டு வர முடியும்.

முதலில் மேடையைப் பார்ப்போம். நம் கச்சேரியில் பாடகர் கை தாளம் போடுகிறது, முன்வரிசை ரசிகரின் தொடையும் போடுகிறது. சமம் எங்கே என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். ஜாஸ் பியானோ டிரையோவில் மூன்று பேரின் கைகளும் வேலையில் இருக்கின்றன. தாளம் யாரிடமும் இல்லை, மூவருக்கும் நடுவில் இருக்கிறது. இதில் இயற்பியல் வேறு தொல்லை கொடுக்கிறது. பியானோ, பார்க்கத்தான் நரம்புக் கருவி; உள்ளே சுத்தியல்கள் கம்பியை அடிக்கின்றன, ஒலி சில மில்லிவிநாடிகளில் உச்சத்துக்குப் போய்விடும். ஒரு மில்லிவிநாடி என்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. டிரம்ஸின் ரைடு சிம்பல் அதைவிடக் கூர்மை. டபுள் பாஸ் அப்படியல்ல. அதன் தடித்த தந்தி விநாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது; ஒரே ஒரு அதிர்வு முடியவே 24 மில்லிவிநாடி ஆகும். சுருதி இன்னதென்று காது தீர்மானிக்க இப்படிப் பல அதிர்வுகள் வேண்டும். ஆக மூவரும் சரியாக ஒரே கணத்தில் விரலை அசைத்தாலும் மூன்று ஒலிகளும் மூன்று கணங்களில் ‘பிறக்கின்றன’. நல்ல பாஸ் வாசிப்பாளர் இதையெல்லாம் கணக்கிடுவதில்லை. விரல் முந்திக்கொள்ளப் பழகியிருக்கிறது.

ஒலியின் வேகமும் சேர்ந்துகொள்கிறது. விநாடிக்கு 340 மீட்டர் சொச்சம் என்றால், 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் டிரம்மரின் அடி பியானோக்காரர் காதுக்கு வர 9 மில்லிவிநாடி ஆகும். இது பெரிய தாமதமல்ல. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் குழுவினர் இரண்டு பேரைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்துக் கைதட்டச் சொல்லி, நடுவில் செயற்கைத் தாமதத்தை நுழைத்துப் பார்த்தார்கள். தாமதம் கொஞ்சம் கூடியதும் ஒருவருக்கொருவர் காத்திருந்து காத்திருந்து காலப்பிரமாணம் இறங்கிக்கொண்டே போனது. சுவாரஸ்யம் மறுபக்கத்தில் இருக்கிறது: தாமதம் மிகக் குறைவாக, 10 மில்லிவிநாடிக்குக் கீழே இருந்தபோது இருவரும் ஒருவரையொருவர் விரட்டி வேகம் ஏறியது. ஒரு சின்ன மேடையின் அகலத்தில் ஒலி கடக்கும் நேரம்தான் மனிதர் சேர்ந்து வாசிக்கத் தோதான தாமதம். ஊரடங்குக் காலத்தில் இணையச் சந்திப்புகளில் சேர்ந்து பாட முயன்று நொந்துபோனவர்களுக்குக் காரணம் குரலில் இல்லை.

பாஸ் ஏன் தாளத்தின் தூணாக இருக்கிறது என்பதற்கும் ஒரு விடை கிடைத்திருக்கிறது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லாரல் டிரெய்னர் ஆய்வுக்கூடத்தினர் தாழ்ந்த சுரமும் உயர்ந்த சுரமும் சேர்ந்து ஒலிக்கும் தொடரைக் கேட்கவைத்து மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். இடையிடையே ஏதாவது ஒரு சுரம் மட்டும் 50 மில்லிவிநாடி முந்தி விழும். தாழ்ந்த சுரம் முந்தியபோது மூளை கூடுதலாகத் துணுக்குற்றது. கூடத் தட்டிக்கொண்டிருந்த விரலும் தாழ்ந்த சுரத்தின் பின்னேதான் போனது. இந்தச் சாய்வு உட்செவியிலேயே தொடங்குகிறது என்பது அவர்கள் முடிவு. மிருதங்கத்தின், தவிலின் தொப்பியை வைத்து யோசிக்கிறவர்களுக்கு இதில் வேலை இருக்கிறது.

இனி ஜாஸின் இதயத்துக்கு வருவோம். ஸ்விங் என்பார்கள். ஓர் அடியைச் சமமாக இரண்டாக வெட்டாமல் முதல் பாதியை நீட்டி இரண்டாவதைக் குறுக்குவது. திஸ்ர நடையில் முதல் இரண்டை இழுத்து மூன்றாவதை உதிர்ப்பது என்று நம் ஊர்க் கணக்கில் சொல்லலாம், பாடப் புத்தகங்களும் 2-க்கு 1 என்றுதான் எழுதிவைத்திருக்கின்றன. ஸ்வீடனில் ஃப்ரீபெரி, சுண்ட்ஸ்ட்ரோம் என்ற இருவர் பழைய ஜாஸ் ஒலிப்பதிவுகளை அளந்து 2002-ல் வெளியிட்ட முடிவு அந்தப் பாடத்தைக் கிழித்துப்போட்டது. மெதுவான பாட்டில் விகிதம் 3-க்கு 1-ஐயும் தாண்டுகிறது. அதிவேகப் பாட்டில் 1-க்கு 1 என்று சமமாகிவிடுகிறது. நடுத்தர வேகத்துக்கு மேல் மாறாமல் இருப்பது ஒன்றே ஒன்று: அந்தக் குட்டிச் சுரத்தின் நீளம், சுமார் 100 மில்லிவிநாடி. அதற்குக் கீழே மனித உடம்பு அடியை அடியாக உணரத் திணறுகிறது. கணிதம் என்று நினைத்தது உடற்கூறாக இருந்திருக்கிறது.

இன்னொரு அடுக்கு உண்டு. ஜெர்மனியின் கொட்டிங்கென் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் தேயோ கைசல் குழுவினர் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், ஜாஸ் பியானோப் பதிவுகளை எடுத்து நேரத்தை மட்டும் கணினியில் நகர்த்தினார்கள். தனி வாசிப்பாளரின் அடிச்சுரங்களை மட்டும் 30 மில்லிவிநாடி பின்தள்ளி, இடைச்சுரங்களைத் தாளக் கருவிகளோடு ஒட்டியே விட்டார்கள். தேர்ந்த ஜாஸ் கலைஞர்களிடம் இரண்டையும் கொடுத்தபோது, தள்ளிய வடிவத்தில்தான் ஸ்விங் இருக்கிறது என்று சொல்லும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல் கூடியது. வேடிக்கை, எது மாறியிருக்கிறது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. காலமெல்லாம் தாங்களே செய்துவரும் காரியம்தான். கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை.

30 மில்லிவிநாடி. கண்ணிமைக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. இரண்டு சொடுக்கொலிகளில் எது முதலில் வந்தது என்று காது சொல்லத் தேவையான இடைவெளியே ஏறக்குறைய 20 மில்லிவிநாடி. நம் புலனின் விளிம்பில் ஓர் இசை மரபு தன் கையெழுத்தைப் போட்டு வைத்திருக்கிறது.

விஜய் ஐயர் விஷயத்தில் அதிசயம், இந்த விளிம்பைப் பற்றி அவரே ஆராய்ச்சி செய்திருக்கிறார். மூன்று வயதில் வயலின், மேற்கத்திய செவ்வியல் பயிற்சி. பியானோ பெரும்பாலும் தானாகக் காதால் கற்றது. யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும். பிறகு பெர்க்லியில் இயற்பியல் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து, பகலில் சமன்பாடும் இரவில் ஓக்லாந்து கிளப்புகளும் என்று ஓடிக்கொண்டிருந்தவர், இயற்பியலை விட்டுவிட்டு 1998-ல் வேறொரு முனைவர் ஆய்வேட்டை முடித்தார். பொருள்: மேற்கு ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க-அமெரிக்க இசையில் தாள உணர்வும் உடம்பும். இசையைக் கேட்பது காதும் மூளையும் மட்டும் செய்யும் வேலையல்ல என்பது அதன் சாரம். மூச்சு விடுவதும் உடல் ஆடுவதும் சில விநாடிகளுக்கு ஒருமுறை. நடப்பதும் இதயம் துடிப்பதும் விநாடிக்கு ஒன்றிலிருந்து மூன்று. பேச்சும் விரலசைவும் அதைவிட விரைவு. இசையின் வாக்கியம், தாள அடி, உட்பிரிவு என்ற மூன்று அடுக்குகளும் உடம்பின் இந்த மூன்று வேகங்களில்தான் உட்கார்ந்திருக்கின்றன. கறுப்பின மக்கள் வட்டமாக நின்று காலால் மிதித்துக் கைதட்டிப் பாடிய வழிபாட்டில் ஒலி என்பது உடம்பின் சத்தமே. இன்றைய டிரம்ஸில் கால் பேஸ் டிரம்முக்கும் கை ஸ்னேருக்கும் போயிருக்கிறது. ஸ்னேர் அடி மட்டும் இம்மி பிந்தி விழும் அந்தச் சுகத்தை அவர் அந்த மிதிப்பு-தட்டலோடு சேர்த்து யோசித்தார்.

இந்த இசை கறுப்பின அமெரிக்கர்களுடையது, தான் அதில் மாணவன் என்பதை ஐயர் தொடர்ந்து சொல்லிவருகிறார். எனக்கு இந்த நிலைப்பாடு முக்கியமாகப் படுகிறது. பியானோ சுரக்கூட்டுகளின் மேல் ஒரு தபேலாவை ஏற்றி ‘ஃப்யூஷன்’ என்று விற்பது எளிது. இருவரும் தத்தம் ஊரிலேயே இருந்துகொண்டு ஜன்னல் வழியாகப் பேசிக்கொள்ளும் இசை அது. ஐயர் கிதார்க் கலைஞர் பிரசன்னா, தபேலாக் கலைஞர் நிதின் மித்தாவுடன் சேர்ந்து 2011-ல் ‘தீர்த்தா’ என்ற தட்டைக் கொண்டுவந்தபோதும் அந்தப் பாதையில் போகவில்லை.

ஜாஸ் டிரையோவில் கலப்பு எப்போதுமே தாள வழியில்தான் நடந்திருக்கிறது என்பதற்குப் பழைய சாட்சி உண்டு. 1958-ல் சிகாகோவின் பெர்ஷிங் ஹோட்டலில் அகமது ஜமால் டிரையோ வாசித்த ‘பாயின்சியானா’ அடங்கிய தட்டு நூறு வாரங்களுக்கு மேல் விற்பனைப் பட்டியலில் இருந்தது. பியானோ இனிமைதான், ஆனால் நம்மை உட்காரவைப்பது வெர்னல் ஃபூர்னியேயின் டிரம்ஸ். பிறந்த ஊரான நியூ ஆர்லியன்ஸ் தெருவின் நடையை அவர் ஹோட்டல் அறைக்குள் கொண்டுவந்துவிட்டார்.

ஊருக்கு ஊர் காது வேறா என்ற கேள்வி இங்கே வரும். வேறுதான். எரின் ஹானன், சாண்ட்ரா ட்ரெஹப் இருவரும் 2005-ல் பால்கன் பகுதி நாட்டுப்பாடல்களை வட அமெரிக்கர்களுக்குப் போட்டுக்காட்டினார்கள். நம் மிஸ்ரம்போல ஏழாக எண்ணும் பாட்டுகள். நடுவில் தாளத்தைக் கலைத்தால் பெரியவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆறு மாதக் குழந்தைகள் கண்டுபிடித்தன. பன்னிரண்டு மாதக் குழந்தைகள் அதற்குள் பெரியவர்கள் மாதிரி ஆகிவிட்டிருந்தன. ஆனால் வீட்டில் இரண்டு வாரம் அந்தப் பாட்டைப் போட்டதும் மீண்டும் பிடித்துக்கொண்டன. பெரியவர்களுக்கு அந்த இரண்டு வாரம் பலிக்கவில்லை. மிஸ்ர சாபுவில் தாலாட்டப்பட்ட பிள்ளைக்கு ஏழு என்பது கணக்கே இல்லை.

நோரி ஜாகோபியும் ஜோஷ் மக்டெர்மட்டும் இதை உலகளவில் சோதித்தார்கள். 15 நாடுகள், 39 மக்கள் குழுக்கள், தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள்; முடிவுகள் 2024-ல் வந்தன. மூன்று இடைவெளி கொண்ட ஏதோ ஒரு தாளத்தைத் தோராயமாக உருவாக்கிக் கேட்கவைப்பார்கள். கேட்டவர் திருப்பித் தட்ட வேண்டும். அவர் தட்டியதையே அவருக்கு மறுபடி கேட்கவைப்பார்கள். வாய்மாறி வாய்மாறிப் போகும் ஊர் வதந்தி கடைசியில் ஊருக்குப் பிடித்த கதையாக நிற்பதைப் போல, சில சுற்றுகளில் அந்தத் தாளம் அந்த மனிதரின் மனத்தில் முன்னமே இருக்கும் தாளமாகச் சரிந்துவிடும். எல்லா நாட்டவரும் 1:1:2, 2:3:3 போன்ற முழு எண் விகிதங்களின் பக்கமே சரிந்தார்கள். எந்த விகிதத்துக்கு எவ்வளவு இழுப்பு என்பதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம். அதைத் தீர்மானிப்பது உள்ளூர் இசை. ஆக டிரையோவில் மூன்று பேர் உட்காரும்போது மூன்று இழுப்புகள் உட்காருகின்றன. ஹிஸ்டாரிசிட்டியின் பாஸ் வாசிப்பாளர் ஸ்டீபன் கிரம்ப், ப்ளூஸும் சோல் இசையும் வாழும் மெம்ஃபிஸில் வளர்ந்தவர். டிரம்மர் மார்க்கஸ் கில்மோர், ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் காலத்திலிருந்து வாசித்துவந்த டிரம்மர் ராய் ஹெய்ன்ஸின் பேரன்.

இந்த இழுப்போடு விளையாடிப் பார்ப்பதற்கு அதே தட்டில் இருக்கும் ‘மிஸ்டிக் ப்ரூ’தான் உச்சம். ரோனி ஃபாஸ்டர் 1972-ல் ஆர்கனில் வாசித்தது. ‘எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட்’ என்ற ராப் குழு 1993-ல் அதிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தங்கள் பாட்டுக்கு அடித்தளமாக்கியது. அந்த மெட்டில் நெடியதும் குறியதுமாக ஒரு நொண்டல் உண்டு. ஐயரின் டிரையோ அந்த நெடில்-குறில் விகிதத்தை 5-3, 8-5, 13-8 என்று நகர்த்துகிறது. இவை ஃபிபனாச்சி எண்கள் என்று அவரே 2009-ல் ‘கார்டியன்’ பத்திரிகையில் எழுதினார்.

இத்தாலியின் ஃபிபனாச்சி தன் முயல் கணக்கை எழுதியது 1202-ல். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே குஜராத்தில் ஹேமச்சந்திரர் இதே எண்களை எழுதியிருக்கிறார். அவருக்கும் முன்னால் விரகாங்கர். முயல் கிடையாது, யாப்பு. ஒரு மாத்திரை குறில், இரண்டு மாத்திரை நெடில். இவற்றை வைத்து ஓர் அடியை எத்தனை விதமாக நிரப்பலாம்? மூன்று மாத்திரை என்றால் மூன்று விதம். நான்குக்கு ஐந்து, ஐந்துக்கு எட்டு, ஆறுக்குப் பதின்மூன்று. காரணம் எளிது: எந்த அடியும் குறிலில் முடியும், அல்லது நெடிலில் முடியும். குறிலில் முடிந்தால் முன்னால் இருப்பது ஒரு மாத்திரை குறைந்த அடி. நெடிலில் முடிந்தால் இரண்டு குறைந்தது. முந்தைய இரண்டு விடைகளையும் கூட்டினால் அடுத்த விடை. இந்த வரிசை முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே தாளத்துக்காகத்தான் என்றால் மிகையில்லை. ஜாஸ் வழி வந்த ஒரு பியானோவில் அது மறுபடி தாளத்துக்கே திரும்பியிருக்கிறது.

காதில் என்ன நடக்கிறது? 5-3 என்றால் நெடிலின் பங்கு 0.625. 8-5 என்றால் 0.615. 13-8 என்றால் 0.619. ஒரு சுற்று 3 விநாடி என்று வைத்துக்கொண்டால் முதல் இரண்டுக்கும் வித்தியாசம் 29 மில்லிவிநாடி, அடுத்த இரண்டுக்கும் 11. எண்ணிப் பார்க்கிறவருக்கு எட்டும் பதின்மூன்றும் இருபத்தொன்றும் மூன்று வேறு தாளங்கள். தலையை மட்டும் ஆட்டுகிறவருக்கு ஒரே நொண்டல், லேசாக நெளிகிறது. கொட்டிங்கென்காரர்கள் ஸ்விங்கில் கண்ட 30 மில்லிவிநாடியும் இந்த 29-ம் பக்கத்தில் பக்கத்தில் வருவது நான் தேர்ந்தெடுத்த 3 விநாடியால் நேர்ந்தது, அதில் மர்மம் எதுவுமில்லை. ஆனால் அதே அளவுள்ள விளிம்பில்தான் டிரையோ நின்று விளையாடுகிறது.

இதையெல்லாம் ஒரு கணினி இன்னும் துல்லியமாகச் செய்யுமே? செய்யும், கேட்க முடியாது. கொட்டிங்கெனிலிருந்தே ஹோல்கர் ஹென்னிக் குழுவினர் 2011-ல் ஒரு கானா நாட்டு டிரம்மரின் பிழைகளை அளந்தார்கள். மெட்ரோனோம் வைத்துக்கொண்டு அடித்தும் ஒவ்வோர் அடியும் பத்து, இருபது மில்லிவிநாடி தவறுகிறது. ஆனால் அந்தத் தவறுகள் தாறுமாறானவை அல்ல. இப்போதைய தவறு நூறு அடிகளுக்கு முந்தைய தவறோடும் உறவு வைத்திருக்கிறது. இசை மென்பொருள்கள் ‘மனிதத்தன்மை’ சேர்க்கக் கண்டபடி தூவும் பிழைகளைவிட இந்த உறவுள்ள பிழைகளையே கேட்பவர்கள் விரும்பினார்கள். 2014-ல் ஹென்னிக் இரண்டு பேரைச் சேர்ந்து தட்டவிட்டு அளந்தார். ஒருவரின் அடுத்த அடி மற்றவரின் கடைசி அடியை மட்டும் பார்த்து விழுவதில்லை. இருவரும் அதுவரை செய்த எல்லாவற்றின் நினைவும், நிமிடக் கணக்கில் பின்னோக்கி, அதில் இருக்கிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஐயரின் டிரையோ 2015-ல் கொண்டுவந்த ‘பிரேக் ஸ்டஃப்’ தட்டின் ‘ஹூட்’ என்ற உருப்படியைக் கேட்க வேண்டும். டெட்ராய்ட் நகரின் டெக்னோ இசைஞர் ராபர்ட் ஹூடுக்குக் காணிக்கை. டெக்னோ முழுக்க இயந்திரத்தின் இசை. இங்கே இயந்திரம் இல்லை. மூவரும் இயந்திரமாக நடிக்கிறார்கள். ஒரே சுரம் திரும்பத் திரும்ப, மேலே உச்சரிப்பு மட்டும் இடம்மாறிக்கொண்டே போகிறது. ஆதி தாளம் போட்டுப் பாருங்கள், கொஞ்ச நேரம் கை சரியாகப் போகும், பிறகு எங்கோ வழுக்கும். தவறியது அவர்களா நீங்களா என்ற சந்தேகம் தீருவதற்குள் மூவரும் ஒன்றாக வந்து விழுவார்கள்.

பின்னர் ஐயர் இன்னொரு டிரையோ சேர்த்தார். பாஸில் லிண்டா மே ஹான் ஓ, மலேசியாவில் சீனக் குடும்பத்தில் பிறந்து ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் வளர்ந்தவர். டிரம்ஸில் டைஷான் சோரி, நியூவர்க் நகரத்துக்காரர், மேற்கத்திய செவ்வியல் அரங்கிலும் ஆக்கங்கள் எழுதுபவர். 2024-ல் இசைக்கான புலிட்சர் பரிசு பெற்றார். ஜெரி ஆலன் என்ற மறைந்த பியானோ மேதையின் ‘டிரம்மர்ஸ் சாங்’ இவர்களுடைய இரண்டு தட்டுகளில் இருக்கிறது: 2021-ன் ‘அனீஸி’யில் தனியாக, 2024-ன் ‘கம்பாஷன்’ முடிவில் வேறொரு பாட்டோடு இணைந்து. அதே மூவர், அதே பாட்டு. அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் சுரங்களில் பெரிய மாற்றம் தேட வேண்டாம்; பியானோவின் இடக்கையும் பாஸும் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கி விழுகின்றன, சோரி எங்கே பிந்துகிறார் என்பதில் கவனம் வைத்தால் போதும்.